தஞ்சாவூர்ப் பொடியனும் என் கட்டம் போட்ட சாரமும்

உலகமே ஒன்றைப் புகழ்கிறது என்றால் அதில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. பிறவிக் குணமா, பிழை திருத்தித் திருத்தியே சிவப்புப் பேனை தீர்த்த தமிழ் வாத்தியாரின் தொழில் நோயா, தெரியவில்லை. மனைவியைக் கேட்டால் இரண்டும்தான் என்பாள்.

அதனால் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பான் தொடர்தான் இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று என் மகள் ராச்சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தபோது நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். “ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவு பெருமையா?” என்றேன். “கார்ட்டூன் இல்லப்பா, அனிமே.” “மே என்றால் ஆடு கத்துற மாதிரி இருக்கே” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பார்க்காமல் பேசக்கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகி, பார்ப்பதற்கு ரீலோட் போடும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. விமர்சகனின் காசிலேயே விமர்சனம் நடக்கிற வீடு எங்களுடையது.

ஜப்பான் எனக்கொன்றும் புதிதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டீவியில், இலங்கை ரூபவாஹினி சிங்களத்தில் காட்டிய ‘ஒஷின்’ பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியின் கதை. லயத்துக்கு அது ஜப்பான் கதையாகவே படவில்லை. பேட்டரி இறங்கி, படம் ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி அணையும்வரை உட்கார்ந்து அழுதோம். என் சிங்களத்தில் பாதி ஒஷினின் மாமியாரிடம் படித்தது. நான் சிங்களத்தில் சுகம் விசாரித்தால்கூட எதிரே நிற்பவர் ஏன் இரண்டடி பின்வாங்குகிறார் என்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

‘டீமன் ஸ்லேயர்’ கதை பெரிய கதையில்லை. மலையில் கரி சுட்டு விற்கிற தஞ்சிரோ என்ற பொடியன் வீடு திரும்பும்போது குடும்பமே செத்துக் கிடக்கிறது. மிஞ்சியவள் தங்கை நெசுகோ ஒருத்திதான். அவளும் மனிதரைத் தின்னும் பிசாசாக மாறிவிட்டாள். யாரையும் கடிக்காதபடி வாயில் மூங்கில், வெயில் படாதபடி மரப்பெட்டி. பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு, அவளை மறுபடி மனுஷியாக்க வழி தேடிக் கிளம்புகிறான். எதிர்ப்படுகிற பிசாசுகளின் தலையைச் சீவுகிறான். அவ்வளவுதான். கொயோஹரு கொத்தோகே என்பவர் 2016இல் ஒரு வார இதழில் வரைய ஆரம்பித்து 2020இல் முடித்தார், 23 புத்தகம். அவர் தம் முகத்தை யாருக்கும் காட்டுவதில்லை, கண்ணாடி போட்ட முதலையாகத்தான் தம்மை வரைந்துகொள்வார். இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குப் பொறாமை. பெற்றோர் கூட்டத்துக்கு நானும் முதலையாகப் போக முடிந்தால் எவ்வளவு நிம்மதி!

என் மாமியாரும் கூட உட்கார்ந்து பார்த்தார். தஞ்சிரோ என்பது அவர் காதில் தஞ்சாவூர் என்று விழுந்தது. அவருடைய பாட்டன் கங்காணியோடு தேயிலைக்கு வந்தது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து என்பதால், அன்றோடு அந்தப் பொடியன் எங்களுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். ஆயுசில் பாதி கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அவருடையது. மரப்பெட்டியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “பாரம் முதுகுல இருந்தா கயிறு தலையில இருக்கணும். தோள்ல மாட்டிக்கிட்டு மலையேறுறான் பாரு, நாளைக்கு எந்திரிக்க மாட்டான்.” இந்தத் தொடரைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் நான் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஆதாரமான குறையை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பேச்சு ஜப்பான், கீழே ஓடுவது ஆங்கிலம். நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தலை உருண்டுவிடும். யாருடைய தலை என்று கேட்டால் மகள் திரும்பிப் பார்க்கிற பார்வையில் என் தலையும் உருளும். மாமியாருக்கு இரண்டு பாஷையும் தெரியாது; ஆனால் எனக்கு முன்னால் அவருக்குக் கதை விளங்கிவிடும்.

இனி என் குற்றப்பத்திரிகை. முதல் குற்றம், பேச்சு. பிசாசு நகத்தை ஓங்கிக்கொண்டு வருகிறது. தஞ்சிரோ வாளோடு அந்தரத்தில் நிற்கிறான். நின்றபடியே, தனக்கு எங்கெங்கே வலிக்கிறது, மூக்கில் என்ன வாசனை அடிக்கிறது, அடுத்து எந்த வீச்சு வீசலாம் என்று மனசுக்குள் விளக்கவுரை நடத்துகிறான். கண்ணுக்கு முன்னால் பட்டப்பகலாகத் தெரிவதை எதற்கு இன்னொரு தரம் சொல்ல வேண்டும்? பிள்ளைகள் கட்டுரையில் இப்படிக் கூறியது கூறினால் நான் புள்ளி குறைப்பேன். இதை எடுத்துச் சொன்னபோது மனைவி, “நீங்க ஒரு பல்ப் மாத்தவே அரை மணித்தியாலம் பேசுவீங்க. அவன் பாவம், பிசாசோட சண்டை போடுறான்” என்றாள்.

இரண்டாவது குற்றம், செனிட்சு என்கிற மஞ்சள் தலையன். விழித்திருந்தால் பயந்து கூப்பாடு போடுவான். மயங்கித் தூங்கினால்தான் வீரம் வரும். “நம்ம மாப்பிள்ளை மாதிரி” என்றார் மாமியார். தூங்கும்போது வீரன் என்கிறதிலா, விழித்தால் கோழை என்கிறதிலா என்று விளக்கம் கேட்டேன். “நீங்க தூங்கும்போதும் நாங்க பாத்திருக்கோமே” என்றார்.

மூன்றாவது கொஞ்சம் கனமான குற்றம். ஜப்பான் முழுக்கக் கொண்டாடுகிற அந்தத் தங்கை கதையின் பெரும்பகுதியில் மூங்கிலைக் கடித்துக்கொண்டு ‘ம், ம்’ என்கிறாள். வாயைக் கட்டினால்தான் ஒரு பெண்ணை ஊர் புகழுமா என்று கண்டனம் தெரிவிக்கத்தான் நான் ஆரம்பித்தேன். “வாயைக் கட்டினால்தான்” என்பது வரைக்கும் வந்ததும் பிளேன்டீ புரையேறிவிட்டது. அன்றிரவு எனக்குக் கட்டசம்பல் மட்டும் வந்தது. ரொட்டி வரவில்லை.

இதற்கு நடுவே என் சாரம் காணாமல் போனது. தஞ்சிரோவின் மேலங்கி கறுப்பும் பச்சையும் பெரிய பெரிய கட்டமாக இருக்கும். என் சாரமும் அப்படித்தான். தோய்த்துக் காயப்போட்டதைக் கொடியில் தேடியவன், பள்ளிக்கூடக் கலைவிழா மேடையில் கண்டுபிடித்தேன். என் மகன் அதை வெட்டித் தைத்து மாட்டிக்கொண்டு, மட்டை வாளோடு நின்றான். கைதட்டல் பலமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியர், “துணி எங்க வாங்கினீங்க ஸார்?” என்றார். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எடுத்துக் கொடுத்தது என்றேன், பொய்யில்லை.

அப்புறம் இந்த மூச்சு விவகாரம். தஞ்சிரோ கூட்டத்தாரின் பலமெல்லாம் மூச்சில். நீர் மூச்சு, தீ மூச்சு, இடி மூச்சு என்று வகை வகையாக உண்டு. எங்கள் லயம் ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படியேறிப் போகிற இடத்தில். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்தபோது, பரீட்சித்துத்தான் பார்ப்போமே என்று நெஞ்சு நிறைய இழுத்து, பல்லிடுக்கால் புஸ்ஸென்று விட்டேன். பாதிப் படியில் சிலிண்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தரம் எட்டில் என்னிடம் படிக்கிற பொடியன் ஒருவன் கடந்து போனான். “நீர் மூச்சுடா” என்றேன், கௌரவத்துக்காக. “இல்ல ஸார், அது இளைப்பு” என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் 19ஆவது அத்தியாயம் வந்தது. 2019 ஆகஸ்டில் அது ஜப்பானில் ஒளிபரப்பானபோதுதான் உலகம் இந்தத் தொடரைத் திரும்பிப் பார்த்தது என்பார்கள். சிலந்திப் பிசாசின் நூல் நாலு பக்கமும் சிவப்பாக இறுகுகிறது. வாள் உடைந்துவிட்டது. சாகப்போகிற நேரத்தில் பொடியனுக்கு அப்பா ஞாபகம் வருகிறது. நோயாளி அப்பா. வருஷா வருஷம் கொட்டுகிற பனியில் நின்று, தீத் தெய்வத்துக்கு விடிய விடிய ஆடுவார். சரியாக மூச்சுவிடத் தெரிந்தால் களைப்பு வராது என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த உடைந்த வாளைச் சுற்றி, ஹொகுசாய் பழைய மர அச்சில் போட்ட அலையைப் போலக் கறுப்பு விளிம்பும் வெள்ளை நுரையுமாகச் சுருண்டு வந்த நீர், ஒரே வீச்சில் தீயாகிறது. யூஃபோடேபிள் என்ற படக்கூடத்தார் கையால் வரைந்ததையும் கணினியால் செய்ததையும் தையல் தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவரும் பேசவில்லை, நானும்தான். பின்னணியில் ஒலித்த பாட்டு முடிந்ததும் என் மகன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். பனியில் விடிய விடிய ஆடிய ஒரு அப்பாவையும் பாதிப் படியில் உட்கார்ந்த ஒரு அப்பாவையும் அவன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது ‘முகென் ரயில்’. 2020 ஒக்டோபரில் ஜப்பானில் திரைக்கு வந்து, மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ வைத்திருந்த வசூல் முதலிடத்தை அந்த வருஷம் முடியுமுன்னே பறித்த படம். கோச்சியோடு கோச்சியாகக் கலந்துவிட்ட ஒரு பிசாசு, பயணிகளைத் தூங்க வைத்து, இன்பக் கனவு காட்டி, அப்படியே விழுங்கப் பார்க்கிறது. கதை நடப்பது 1912க்கும் 1926க்கும் இடைப்பட்ட தைஷோ காலம். எங்கள் ஒன்பது வளைவுப் பாலம் முடிந்தது 1921, கோச்சி பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924. ஆகக் காலம் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பிசாசின் தொழில் எங்கள் உடரட்ட மெனிகே கோச்சியில் நடக்காது. மூன்றாம் வகுப்பில் நிற்க இடமில்லை. வாசலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படமெடுக்கத் தொங்குகிறார்கள். வடைக்காரர் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு போகிறார். எவன் தூங்குவான், எவன் கனவு காண்பான்? படத்தின் முடிவில், சாப்பாட்டை ரசித்து ரசித்துக் கத்திய ரெங்கோகு என்ற வீரன் செத்தபோது என் மனைவி தேம்பி அழுதாள். என் சம்பளச் சீட்டைப் பார்த்தே கலங்காத மனசு அது.

மாமியார் மட்டும் அழவில்லை. “இது நம்ம பொன்னர் சங்கர்தானே” என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். எங்கள் தோட்டங்களில் விடிய விடிய ஆடுகிற கூத்து அது. அங்கேயும் அண்ணன்மார், தங்கை, வாள், படுகளம். அங்கே கொம்பன் என்ற பன்றியைக் கொல்வார்கள். இங்கே இனோசுகே என்ற ஒருவன் பன்றித் தலையை மாட்டிக்கொண்டு திரிகிறான். “கொம்பன் தோலை உரிச்சுப் போட்டுக்கிட்டான் பாரு” என்று அவர் சொன்னதற்கு என் மகளாலேயே மறுப்புச் சொல்ல முடியவில்லை. அதனால் கதைக்காக இந்தத் தொடரை வானளாவப் புகழ்கிறவர்களிடம் நான் சொல்வது: மாசி, பங்குனியில் ஒரு தடவை தோட்டத்துப் பக்கம் வந்து கூத்துப் பார்த்துவிட்டு அப்புறம் புகழுங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். பிசாசின் தலை சீவுவதைப் பார்த்துக் கைதட்ட எங்கள் ஊர்க்காரருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. எல்ல–வெல்லவாய வீதியில் இராவணன் பெயரில் நீர்வீழ்ச்சி. மலையில் இராவணன் பெயரில் குகை. அரக்கன் எங்களுக்கு முகவரி. அதுவும் அரக்கித் தங்கைக்காகக் கிளம்பிய முதல் அண்ணன் யார்? மூக்கறுபட்டு வந்த சூர்ப்பனகைக்காகப் புறப்பட்டவன் எங்கள் ஆள்தானே! இன்னொரு வேடிக்கை, இந்தத் தொடர் ஜப்பான் டீவியில் தொடங்கிய அதே 2019இல், ஜூன் மாதம், இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ‘இராவணா-1’ விண்வெளி நிலையத்தில் ஜப்பானுக்குச் சொந்தமான கிபோ கூடத்திலிருந்துதான் வெளியே விடப்பட்டது. ஒரு கையால் பிசாசின் தலையைச் சீவிக்கொண்டே மறுகையால் அரக்கனை வானத்தில் ஏற்றிவிட்ட நாடு அது.

ஜப்பான்காரர் மனசு ‘முகென் ரயில்’ பார்ப்பதற்கு முன்பே எங்களுக்கு விளங்கியிருந்தது. அந்தச் சிலந்திப் பிசாசு தலையிழந்து, சாம்பலாக உதிர்ந்துகொண்டே ஊர்ந்து வருகிறபோது, தஞ்சிரோ அதன் முதுகில் கை வைக்கிறான். அதன் உடையை மிதித்து நிற்கிறவரிடம், காலை எடுங்கள், இதுவும் மனுஷனாக இருந்ததுதான் என்கிறான். மாமியார் என் பக்கம் திரும்பினார். “இராவணனுக்கு இப்பிடி யாராச்சும் கை வச்சாங்களா?” தமிழ் வாத்தியாருக்கு இதைவிட வேறு தருணம் வாய்க்குமா! கம்பனில் மண்டோதரி விழுந்து புரண்டு அழுததைத் தொடங்கினேன். “பொண்டாட்டி அழுறது கணக்கில்ல. வெட்டுன பக்கத்துக்காரன் கை வச்சானா?” ஈமக்கடனைச் செய் என்று இராமர் வீடணனுக்குச் சொன்னாரே என்றேன். “சொல்றது வேற, கை வைக்கிறது வேற” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இத்தனை வருஷம் படித்தும் படிப்பித்தும் எனக்கு வராத பதில், இன்னும் வரவில்லை.

ஆகையால் புள்ளி போடுகிறேன். கதைக்கு 50, அதற்கு மேல் கேட்டால் கூத்துக்காரர் கோபிப்பார்கள். அந்தரத்துப் பேச்சுக்குப் பூச்சியம். ஓவியத்துக்கு 95, மீதி ஐந்து, பெட்டியின் கயிறு தோளில் இருப்பதற்காகக் குறைத்தது. அந்தக் கை வைத்த இடத்துக்கு முழுப் புள்ளி. கூட்டிப் பார்த்தால், உலகம் புகழ்கிற அளவுக்கு இல்லை, நான் பழிக்க நினைத்த அளவுக்கும் இல்லை. மகள் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மேன்முறையீடு செய்யப்போகிறாளாம், என் ரீலோட்டிலேயே.

நீங்களும் பார்ப்பதானால் ஆரம்ப அத்தியாயங்களில் சலித்து எழுந்து போகாதீர்கள், 19 வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். செனிட்சு கத்துகிற இடங்களில் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். லயத்துச் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டில், வாத்தியாரைத்தான் அடிக்கிறார்கள் என்று ஒருதரம் ஓடி வந்துவிட்டார்கள்.