கேம்பெல் வம்ச விசாரணை

ஒரே குடும்பப்பெயரைத் தாங்கியவர்களில் ஒருவர் சூப்புத் தகரத்தின் மேலும், ஒருவர் சென்னை கவர்னர்களின் வரிசையிலும், ஒருவர் தெலுங்கு இலக்கணத்தின் முகப்பேட்டிலும், ஒருவர் உலகப் புராணங்களை ஒப்பிட்டெழுதிய நூலின் அட்டையிலும் காட்சி தருவார்களானால், எல்லாம் தற்செயல் என்று கையை உதறிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது சாமானியர்களுக்குத் தகும்; காரண காரிய சம்பந்தத்தைக் கண்டுபிடிக்காமல் தொண்டையில் சோறு இறங்காத ஆராய்ச்சியாளனுக்குத் தகாது. ஸ்காட்லாந்து தேசத்துக் கேலிக் மொழிக் குடும்பப்பெயர்களில் பெரும்புகழும் பெரும்பழியும் ஒருங்கே பெற்றதாகிய 'கேம்பெல்' என்பதைத் தாங்கிக் கீர்த்தியடைந்தவர்களிடத்தில் பொதுவான லட்சணம் ஒன்று உண்டா, உண்டெனில் அது யாது என்பதே இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம். இதனால் உலகத்துக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். பிரயோஜனமுள்ள விஷயங்களில் பட்சபாதம் புகுந்துவிடும் ஆதலால், இத்தகைய விஷயங்களே சுத்தமான ஆராய்ச்சிக்கு உரியவை.

ஆராய்ச்சி முறையையும் ஒரு கேம்பெலிடமிருந்தே பெற்றுக்கொண்டேன். அமெரிக்கப் பண்டிதராகிய ஜோசப் கேம்பெல், ஆயிரம் முகங்கொண்ட வீரனைப் பற்றி 1949-இல் வெளியிட்ட நூலில், உலகத்துப் புராண வீரர்கள் அனைவரும் வீட்டை விட்டுப் புறப்பட்டு, சோதனைகளுக்கு ஆளாகி, வரம் பெற்றுத் திரும்பும் ஒரே வீரனுடைய வெவ்வேறு முகங்களே என்று ஸ்தாபித்தார். வேற்றுமைகளை ஒதுக்கி ஒற்றுமைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டால் எதுவும் எதனோடும் ஒத்துப்போகும் என்பது இம்முறையில் உள்ள பெரிய சௌகரியம். அந்தச் சௌகரியத்தை அவருடைய சொந்த வம்சத்தாரிடத்திலேயே பிரயோகித்துப் பார்ப்பதை அவர் ஆட்சேபித்திருக்கமாட்டார்.

பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஏடுகளில் தலைகாட்டிய இக்குடும்பம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆவ் ஏரியைச் சுற்றி வேரூன்றி, அண்டை நிலங்களைக் கல்யாணத்தாலும் சட்டத்தாலும், இரண்டும் பலிக்காதபோது வாளாலும் சேர்த்துக்கொண்டு, 1701-இல் ஆர்கைல் டியூக் பட்டத்தை அடைந்தது. இடையில் 1661-இல் ஒரு தலைவரும், 1685-இல் அவருடைய மகனும், எடின்பரோவில் 'கன்னி' என்று செல்லப்பெயர் பெற்றிருந்த ஒரே தலைவெட்டு யந்திரத்துக்கு இரையானார்கள். பெயருக்குக் கேலிக் மொழியில் 'கோணல் வாய்' என்று பொருள். லத்தீன் தெரிந்த எழுத்தர்கள் இதை 'அழகிய வயல்' என்று திருத்தி எழுதி, குடும்பத்துக்கு நார்மானிய மூதாதையர்களையும் உபயமாகச் சேர்த்து, அந்தச் சேவைக்கு அத்தாட்சியாக நடுவில் ஒரு பகர எழுத்தையும் விட்டுச் சென்றார்கள் என்பர்.

இனிப் பூர்வபட்சம். கேம்பெல்களின் லட்சணம் வேகமே என்று வாதிப்பவனுக்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1935 செப்டம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலையில் மணிக்கு 301 மைலுக்கு மேல் கார் ஓட்டி, 300 மைலைத் தாண்டிய முதல் மனிதராகியவர் ஸர் மால்கம் கேம்பெல். அவருடைய மகன் டொனால்டு 1964-இல் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரியில், வறண்ட தரையின் மேல், மணிக்கு 403 மைல் வேகத்தையும், அதே ஆண்டின் கடைசி நாளில் டம்பிள்யங் ஏரியில், தண்ணீரின் மேல், 276 மைல் வேகத்தையும் எட்டினார். நிலத்திலும் நீரிலும் ஒரே ஆண்டில் உலக சாதனை புரிந்தவர் அவருக்கு முன்னும் பின்னும் எவருமில்லை. பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராயிருந்த மென்சிஸ் கேம்பெல் இளமையில் 1964 ஒலிம்பிக்கில் ஓடியவர். ஜமைக்காவின் வெரோனிகா கேம்பெல் பிரவுன் 2004-இலும் 2008-இலும் 200 மீட்டரில் தங்கம் வென்றார். கனடாவின் முதல் பெண் பிரதமரான கிம் கேம்பெல் 1993-இல் ஜூன் மாதம் பதவியேற்று, அக்டோபரில் தம் கட்சிக்கு இரண்டே இடங்களைப் பெற்றுக் கொடுத்து, தம் தொகுதியையும் இழந்து, நவம்பரில் விடைபெற்றதையும் வேகத்தின் கணக்கில் சேர்ப்பதில் தவறில்லை.

வேகவாதத்தை முறிப்பதற்கு இரண்டு கேம்பெல்கள் போதும். முதலாமவர் இன்வர்நீல் ஆர்ச்சிபால்டு கேம்பெல். அமெரிக்கக் குடியேற்றங்களின் கலகத்தை அடக்கும்பொருட்டு 1776 ஜூன் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்துக்குள் கப்பலில் கம்பீரமாகப் பிரவேசித்த இவர், தம்முடைய சேனை அந்நகரத்தை மார்ச் மாதத்திலேயே காலி செய்துகொண்டு போய்விட்டது என்ற செய்தியை எதிரிகளிடம் பிடிபட்ட பிறகே தெரிந்துகொண்டார். இரண்டாமவர் அர்ட்கிங்லஸ் காலின் கேம்பெல் என்னும் ஷெரீப். 1692 ஜனவரி முதல் தேதிக்குள் வில்லியம் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தாகவேண்டும் என்ற கட்டளைப்படி, கிளென்கோ பள்ளத்தாக்கின் மக்டொனால்டு தலைவர், பிரமாணம் வாங்க அதிகாரமில்லாத வேறோர் இடத்துக்குக் கடைசி நேரத்தில் போய், அங்கிருந்து திருப்பியனுப்பப்பட்டு, பனியில் நடந்து இன்வரேரிக்கு வந்து சேர்ந்தபோது, ஷெரீப் புத்தாண்டுக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். சர்க்கார் கச்சேரியில் உத்தியோகஸ்தரின் காலி நாற்காலியைப் பார்த்து நின்ற அநுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கிழவரின் நிலைமையை விவரிக்க வேண்டியதில்லை. ஷெரீப் திரும்பி வந்து, மனமிரங்கி, 6-ஆம் தேதி பிரமாணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் தாமதம் தாமதந்தான் என்று மேலிடம் தீர்மானித்தது.

அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வந்தவரும் ஒரு கேம்பெல்: அறுபதை ஒட்டிய வயதும், குடியும், சூதும், கடனும் உடைய கிளென்லயன் ராபர்ட் கேம்பெல். அவரும் சுமார் 120 சிப்பாய்களும் வந்து, பன்னிரண்டு நாள் மக்டொனால்டுகளின் வீட்டிலேயே விருந்துண்டு, பிப்ரவரி 13-ஆம் தேதி விடியுமுன் எழுந்து விருந்தளித்தவர்களையே கொன்றார்கள். மாண்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர் என்பது பரம்பரைக் கணக்கு. பனியில் ஓடி மலையில் விறைத்தவர்கள் வேறு. முந்திய மாலை அவர் தலைவரின் புதல்வர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார் என்பார்கள். 1967 ஜனவரி 4-ஆம் தேதி கானிஸ்டன் ஏரியில் படகு கவிழ்ந்து மடிந்த டொனால்டு கேம்பெலும் அதற்கு முன் ஒரு சமயம் சீட்டாடியபோது அபசகுனச் சீட்டு வந்ததைக் கண்டு முகம் வாடினார் என்று சொல்லப்படுகிறது. கேம்பெல்களும் சீட்டுக்கட்டும் என்று தனி அத்தியாயமே எழுதலாம். சான்று இரண்டோடு நின்றுவிட்டபடியால் வருத்தத்தோடு கைவிடுகிறேன். கவனிக்கவேண்டியது, கொலையுத்தரவு அரசரின் கையெழுத்தோடும், ஸ்காட்லாந்து மந்திரியாகிய டால்ரிம்பிளின் ஊக்கத்தோடும் வந்தது என்பதும், வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கேம்பெல்களே அல்லர் என்பதுமாகும். ஆயினும் பழி முழுவதும் பெயரின் மேலேயே ஏறிக்கொண்டது.

இங்கேதான் சித்தாந்தம் பிறக்கிறது. கேம்பெல்களின் பொதுலட்சணம் யாதெனில், அவர்களுடைய கீர்த்தியில் கணிசமான பாகம் கேம்பெல் அல்லாதவர்களுடையது என்பதே. இதை இரவல்வாதம் என்று குறிப்பிடலாம்.

தலையாய திருஷ்டாந்தம், 1857-இல் இந்தியச் சேனைக்குத் தலைமை வகித்து லக்னோவாகிய லட்சுமணபுரியின் முற்றுகையை விலக்கிய ஸர் காலின் கேம்பெல், பிற்காலத்து கிளைடு பிரபு. இவர் கிளாஸ்கோவில் மக்லிவர் என்னும் தச்சரின் மகன், தாய்தான் கேம்பெல். பதினைந்து வயதில், கர்னலாயிருந்த தாய்மாமன் ஜான் கேம்பெல் பையனை யார்க் டியூக்கிடம் உத்தியோகத்துக்காக அழைத்துப் போனார். டியூக் மாமனையும் மருமகனையும் பார்த்தார். வந்திருப்பவன் இன்னொரு கேம்பெல் என்று தாமாகவே முடிவு செய்தார். பதிவேட்டில் காலின் கேம்பெல் என்று ஏறிவிட்டது. வெளியே வந்ததும் பையன் குழம்பி, மாமனிடம் பிழையைச் சுட்டிக்காட்ட, பட்டாளத்தில் முன்னுக்கு வர அது நல்ல பெயர், இருக்கட்டும் என்று மாமன் வாயடைத்துவிட்டார் என்பது சரித்திரக்காரர்கள் சொல்லும் செய்தி. பால்கிளாவாவில் ருஷ்யக் குதிரைப்படையை மறித்து நின்ற செவ்வங்கி வரிசையும், லட்சுமணபுரியும், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துச் சமாதியும் இவ்வாறு மக்லிவர் குடும்பத்தின் கணக்கிலிருந்து கேம்பெல் குடும்பத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டன. பெயர் எழுதும் குமாஸ்தாவின் பேனாவால் ஒரு வம்சம் அடைந்த லாபம் இதற்குமேல் இருக்கமுடியாது.

1914-இல் பெர்னார்டு ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் லண்டனில் பூக்காரி எலைஸாவாக, ஐம்பதை நெருங்கிய பருவத்தில், நடித்துப் புகழ்பெற்ற மிஸஸ் பாட்ரிக் கேம்பெல் பிறந்த வீட்டில் டானர். கணவர் 1900-இல் தென்னாப்பிரிக்க யுத்தத்தில் மடிந்த பிறகும், வேறொருவரை மணந்த பிறகும், மேடைக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். மாறாக, கேம்பெலாகவே பிறந்த ஹென்றி என்பவர், தாய்வழி மாமனின் சொத்துக்காக உயிலின் நிபந்தனைப்படி 'பானர்மன்' என்பதை வாலில் கட்டிக்கொண்டு, அந்த நீண்ட பெயரை வெறுத்துக்கொண்டே 1905-இல் பிரிட்டிஷ் பிரதமராகி, 1908-இல் டவுனிங் தெரு வீட்டிலேயே உயிர்நீத்தார். ஆர்கைல் நிலங்களில் குடியிருந்த எளியவர்கள் பாதுகாப்பை நாடி எஜமானின் பெயரைச் சூடிக்கொண்டதும், அயர்லாந்தின் டைரோன் பிரதேசத்தில் மக் காவல் என்பது போன்ற சப்தமுடைய வேறொரு கேலிக் குடும்பம் ஆங்கிலப் பதிவேட்டில் கேம்பெலாகிவிட்டதும் இதே வகையைச் சேர்ந்தவை.

சூப்பின் கதையும் அப்படியே. 1869-இல் நியூஜெர்ஸியின் காம்டன் நகரத்தில் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோசப் கேம்பெல் என்னும் பழ வியாபாரி, புராணப் பண்டிதரின் பெயரையே கொண்டவர். ஆனால் தண்ணீரைக் குறைத்துச் சூப்பைச் சிறிய தகரத்தில் அடைக்கும் வித்தையை 1897-இல் கண்டுபிடித்தவர், அவர் விலகிய பிறகு வாரம் ஏழரை டாலர் சம்பளத்துக்கு வந்த டாரன்ஸ் என்ற ரசாயனப் பட்டதாரி. தகரத்தில் இருப்பது டாரன்ஸின் சூப்பு. மேலே இருப்பது கேம்பெலின் பெயர். 1962-இல் ஆண்டி வார்ஹால் முப்பத்திரண்டு படங்களாக வரைந்து கலைக்கூடத்தில் வைத்ததும் மேலே இருந்ததைத்தான்.

நம்மவர்களுக்குச் சம்பந்தமுள்ள திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. ஏ. டி. கேம்பெல் என்னும் கும்பினி உத்தியோகஸ்தர் 1816-இல் சென்னையில் தெலுங்கு இலக்கண நூலொன்றை அச்சிட்டார். அதன் முன்னுரைக்கு ஒரு குறிப்பாகச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிச் சேர்த்த பக்கங்களில்தான், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற வாதம், கால்டுவெல்லின் நூலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, சொல்லுக்குச் சொல் சான்று காட்டி நிறுவப்பட்டது. இன்று அந்த இலக்கணத்தைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது எல்லிஸை. புத்தகத்தின் முதுகில் இருப்பவர் கேம்பெல்.

ஆட்சேபணை: 2015-இல் வைத்தியத்துக்கு நோபல் பரிசு பெற்ற வில்லியம் கேம்பெல் சுயார்ஜிதம் அல்லவா? அயர்லாந்தின் டொனகால் பிரதேசத்தில் பிறந்த இவர் ஐவர்மெக்டின் என்னும் மருந்துக்கு வழிகாட்டி, ஆற்றோரக் குருட்டுநோயிலிருந்து எத்தனையோ ஏழைகளைக் காத்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்துக்கு மூலமான கிருமி ஜப்பானிய மண்ணில் அகப்பட்டது; எடுத்தவர் ஓமுரா; பரிசும் பங்குதான். வாதம் அசையவில்லை.

மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிச் சொல்லும்போது விளையாட்டுக்கு இடமில்லை. பாஸ்டனில் பிடிபட்ட ஆர்ச்சிபால்டு, விடுதலையடைந்து, ஜமைக்காவுக்கு கவர்னராகி, 1786 முதல் 1789 வரை சென்னைக்கும் கவர்னராயிருந்து, ஆற்காட்டு நவாபோடு கடன் உடன்படிக்கை செய்துகொண்டவர். அவர் ஆண்ட ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர்; ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் சொந்தப் பெயர்களை அழித்து, எஜமானர்களின் பெயர்கள் அவர்கள்மேல் விழுந்தன. இன்று அத்தீவில் கேம்பெல்களுக்குக் கணக்கில்லை. வெரோனிகாவும், ஜமைக்கா வம்சத்தவர்களாகிய விளம்பர அழகி நவோமியும், பந்தாட்ட வீரர் ஸோலும் அந்தப் பெயரோடு உலகப்புகழ் பெற்றார்கள். கேம்பெல் என்ற சொல்லைக் கேட்டதும் இக்காலத்து இளைஞர்களுக்கு நினைவு வருவது ஆர்கைல் டியூக் அல்லர், இவர்களே. கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இந்த இடத்தில் கணக்குப் பார்த்தால், டியூக் குடும்பத்தின் பக்கம் பாக்கி நிற்கிறது.

எஞ்சியிருப்பது நடைமுறைப் பிரச்சினை ஒன்று. கிளென்கோவில் கிளாகைக் என்னும் பழைய விடுதியில், வரவேற்பு மேஜையருகே, கூவி விற்பவர்களுக்கும் கேம்பெல்களுக்கும் இடமில்லை என்ற பொருளில் வெண்கலப் பலகையொன்று மாட்டியிருக்கிறது. வேடிக்கைக்காகத்தான், கேம்பெல்கள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், படுத்துறங்கி எழுந்து போகிறார்கள். எனினும் மேற்கண்ட ஆராய்ச்சியின்படி அப்பலகை சட்டரீதியாகச் செல்லத்தக்கதன்று: அதைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் தச்சர் மகன் மக்லிவரையும், நடிகை டானரையும், கரும்புத் தோட்டத்தில் பெயர் பறிகொடுத்தவர்களின் சந்ததியையும் வாசலில் நிறுத்தவேண்டிவரும். விடுதிக்காரருக்கு என் சிபாரிசு, 'கேம்பெல்கள்' என்பதை அடித்துவிட்டு, 'கிளென்லயன் ராபர்ட் கேம்பெல்' என்று மட்டும் பொறித்துக்கொள்ளலாம் என்பது. அவர் 1696-இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் கையில் காசின்றி இறந்துபோனபடியால், அறை கேட்டு வரமாட்டார்.