துடுப்புக்கு மோட்டார் மாட்டப் போறியா, பேராண்டி?

வாடா பேராண்டி, இங்கிட்டு வந்து திண்ணையில உக்காரு. கரூர் ரோட்டோரம் கம்மங்கூழ் மெஷின் வைக்கப் போறேன்னு அப்பத்தாகிட்டச் சொன்னியாமே? பட்டனை அமுக்குனா கூழு ஊத்துமாம், கையே படாதாம். கேட்டதும் எனக்குச் சந்தோசந்தான். கூழு குடிக்கக் கூச்சப்பட்டு ஓடுன உங்கப்பனுக்குப் பொறந்தவன், கூழுக்கே மெஷின் வைக்கிறான். கம்புக்கு நல்ல காலம் பொறந்துருச்சு போ.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உன் மெஷின் கரைக்குமா, கலக்குமா?

முழிக்காதே. ரெண்டும் ஒண்ணில்ல. பானகத்துல வெல்லத்தைப் போட்டா, செத்த நேரத்துல வெல்லத்தைக் காணோம். அது கரைஞ்சது. கேப்பை மாவைப் பச்சைத் தண்ணியில போடு. கிண்டுற வரைக்கும் சுத்தி வரும். கையை எடுத்தா அடியில போய்ப் படுத்துக்கிரும். அது கலங்குனது. கலங்குனதைப் பாத்துக் கரைஞ்சிருச்சுன்னு நம்புனா, மண்டி உன் தலையிலதான் விடியும்.

போன மாசம் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தேன். மண்டையைப் பொளக்குற வெயிலு. ஒரு கடையில மெஷினு மாப்பிள்ளை கணக்கா நிக்குது. பாதாமு, சாக்லேட்டு, மால்ட்டுன்னு வரிசையா பட்டன். பாதாம் பாலு கேட்டேன். வந்தது மஞ்சத் தண்ணி. பின்னாடி நின்ன பயலும் பாதாம் பாலுதான் கேட்டான். அவனுக்கு வந்தது பசை. சினிமா போஸ்டரே ஒட்டலாம். என் பங்கையும் சேத்து அவனுக்கு ஊத்திருக்கு! கேட்டா, "சென்சார் கோளாறு தாத்தா"ங்குறான் கடைக்காரன்.

சென்சாராம்ல? எட்டிப் பாத்தேன். பொடி விழுகுற வாயில மாவு இறுகி அடைச்சிருக்கு. கீழ வெந்நீர். மேல பொடி டப்பா. ஆவி மேல ஏறாம அய்யம்பாளையத்துக்கா போகும்? உங்க அப்பத்தா சீனி டப்பாவை உலைக்கு மேல வைப்பாளா? அந்த ஆவியை இழுத்து வெளிய தள்ளத்தான் நல்ல மெஷின்ல தனியா ஒரு விசிறி வைக்கிறாங்க. அந்த விசிறியைத் துடைக்கத்தான் ஆளில்ல.

சரி, மாவு ஏன் கட்டி தட்டுது? கொதிக்கிற தண்ணியில மாவை அப்படியே கொட்டிப் பாரு. 70 டிகிரி சூட்டுப் பக்கம் வந்தாலே மாவுச்சத்து ஊதிப் பசையாயிரும். உருண்டையோட மேல்தோல் முதல்ல வெந்து, திண்டுக்கல் பூட்டு கணக்கா இறுக்கிப் பூட்டிக்கிரும். அப்புறம் தண்ணி எங்கிட்டுக்கூடி உள்ள போகும்? பிச்சுப் பாத்தா உள்ள பச்சை மாவு. அதுக்குத்தான் அப்பத்தா முதல்ல பச்சைத் தண்ணி விட்டு மாவைக் கலக்கிக்கிட்டு, பிறகு உலையில ஊத்துவா.

கம்பெனிக்காரன் செய்யுறதும் இதுக்குப் பங்காளி வேலைதான். பொடிக்கு லேசா ஈரங்காட்டி, குருணை குருணையாச் சேத்துக் காய வைக்கிறான். இடுக்குல தண்ணி சுளுவா நுழையும். நெய்ப்பசை உள்ள பொடின்னா தண்ணியைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிரும். அதுக்கு லெசித்தின்னு ஒண்ணைப் பூசுறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுத் தரகர் மாதிரி, எண்ணெய்க்கு ஒரு கை, தண்ணிக்கு ஒரு கை குடுத்துச் சேத்து வைக்கிற சரக்கு அது. டப்பா மேலேயே எழுதியிருக்கான், படிச்சுப் பாரு.

கரையாததுக்கு நம்ம ஆளுக மூணு வழி வச்சிருந்தாக.

முத வழி, விட்டுத்தள்ளு. தாண்டிக்குடி மலையில காபிக்குன்னு ஆராய்ச்சி நிலையமே இருக்கு. அந்த மலைக் காபியா இருந்தாலும் நூறு கிராம் பொடியில தண்ணிக்கு வர்றது சுமாரா இருபது கிராம்தான். மிச்சத்துல பெரும்பங்கு கரையவே கரையாது. அதோட மல்லுக்கட்டாம, ஃபில்டர் மேல்தட்டுலேயே குந்த வச்சுட்டு, இறங்குன டிகாக்‌ஷனை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

ரெண்டாவது, சோடி சேரு. மஞ்சளோட சத்து தண்ணியில ஒட்டாது, கொழுப்புல ஒட்டும். சளி பிடிச்சா மஞ்சளைப் பால்ல போட்டுக் காச்சுறோமே, எதுக்கு? அதைத்தான் நீங்க ‘டர்மரிக் லாத்தே’ன்னு பேரு வச்சு, நூத்தம்பது ரூவாயா குடுத்துக் குடிக்கிறீக. பேருக்கு நூத்து நாப்பது, பாலுக்குப் பத்து.

மூணாவது, தாங்கிப் பிடி. கூழு இந்தச் சாதி. வெந்த மாவு கெட்டியாகி, குருணையை அடியில போக விடாமத் தாங்கும். டப்பாப் பானத்துல இதுக்குன்னு பசை சேக்குறாங்க. கொத்தவரை விதையில எடுக்குறது ஒண்ணு, கடல்பாசியில எடுக்குறது ஒண்ணு. நமக்குக் கம்பே பசை, கம்பே கூழு. ஆனா மோரை ஊத்தி நீர்த்துட்டியோ, தாங்குற பிடி விட்டுப்போகும். அதனாலதான் கூழுக்காரம்மா ஒவ்வொரு சொம்புக்கும் அடியோட ஒரு கிண்டு கிண்டி மொள்ளுது. நீ அதைப் பழக்கதோசம்னு நினைச்சிருப்ப.

அப்ப உன் மெஷினுக்கு என்ன வேணும்? பொடி கலக்குற மெஷின்ல இருக்குற மாதிரி நிமிசத்துக்குப் பத்தாயிரம் சுத்துற மத்தா? அதை மோர்க்கூழுல விட்டா நுரைதான் மிஞ்சும். அரை டம்ளர் நுரையை விக்கிறதா இருந்தா அது நல்ல வழி! கூழுக்கு வேகம் வேணாம். அடியை வழிச்சுக்கிட்டு மெதுவாச் சுத்துற துடுப்பு போதும். பாத்திரத்துக்கு மூலை இருக்கக் கூடாது, பானை அடி மாதிரி உருண்டையா இருக்கணும். குழாய் குட்டையா, அகலமா இருக்கணும். வளைஞ்சு நெளிஞ்சு போச்சுன்னா, ஒவ்வொரு வளைவுலயும் குருணை குடும்பம் நடத்தும். கூழு புளிக்கிற பண்டம். நேத்து வளைவுல தங்குனது நாளைக்கு ஊரையே கூட்டும்.

பட்டனை யாரு வேணா அமுக்குவான். ராத்திரி பத்து மணிக்குக் கழுவுறது யாரு? கூழுக்காரம்மா பானையைத் தேங்காய் நாரு போட்டுத் தேச்சுக் கவுத்துட்டுத்தான் படுக்கும். உன் மெஷினைக் கழட்ட ஸ்பானர் வேணும்னா, நாலாவது நாளே நீ கழுவ மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னைய? சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டியே!

மெஷின் வேணாங்கல ராசா. முதல்ல பத்து நாளு பானையும் அகப்பையும் வச்சு வித்துப் பாரு. எங்க கை வலிக்குதோ, அங்க மோட்டாரை மாட்டு. வலிக்காத இடத்துல மாட்டுனா கரண்டு பில்லுதான் மிச்சம். போ, உள்ள போய் அப்பத்தாகிட்ட அகப்பையைக் கேட்டு வாங்கு.