பேயை விரட்டிய பயறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, பிப்ரவரி 3 மாலை வந்தால் எங்கள் சந்து முழுக்கச் சத்தம்தான். மறுநாள் நாட்காட்டிப்படி வசந்தம் பிறக்கும். குளிரோ எலும்பைத் துளைக்கும். அந்த முந்தைய நாள்தான் செட்சுபுன். அப்பாக்கள் வேலை முடிந்து வந்த கையோடு காகிதப் பேய் முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் சதுர மரப்படியிலிருந்து வறுத்த சோயா பயற்றை அள்ளி, "பேயே வெளியே போ, நன்மையே உள்ளே வா" என்று கத்திக்கொண்டே எறிவார்கள். வறுக்காத பயறு கூடாது. எறிந்தது எங்காவது முளைத்துவிட்டால் கேடு என்பது நம்பிக்கை. பிறகு அவரவர் வயதின் கணக்குக்குப் பயறு எண்ணித் தின்ன வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி, முள்ளிலைக் கிளையில் சுட்ட மத்தி மீன் தலையைக் குத்தி வாசலில் செருகி வைப்பார். நம் வாசலில் தொங்கும் எலுமிச்சை மிளகாய் மாதிரிதான். முள்ளும் நாற்றமும் பேய்க்கு ஆகாதாம்.

இன்று அந்தச் சந்தில் சத்தமே இல்லை. கூட்டமெல்லாம் கடையில், எஹோமாகி வாங்க. வெட்டாத முழு சுஷி உருளை அது. அந்த ஆண்டின் நல்ல திசையைப் பார்த்து, வாய் பேசாமல் தின்று முடிக்க வேண்டும். ஒசாகா பக்கத்து வழக்கம். அன்று டோக்கியோவில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. 1989-இல் ஹிரோஷிமாவில் செவன்-இலெவன் கடைகள் விற்கத் தொடங்கின. 1998-இல் நாடெங்கும் வந்துவிட்டது. கத்திக் கொண்டாடிய இரவு, வாய்மூடிச் சாப்பிடும் இரவாகிவிட்டது. விற்காத உருளைகள் குப்பைக்குப் போவதைப் பொறுக்காமல், தேவைக்குத் தக்கபடி செய்யுங்கள் என்று 2019-இல் வேளாண் அமைச்சகமே கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. நல்லதை வரவேற்கும் நாளில் சோற்றைக் கொட்டுவது எனக்கு ஆறாத வருத்தம்.

பயறு குறைந்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் என்பதால், 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கெட்டியான பயறோ கொட்டையோ கொடுக்கக் கூடாது என்கிறது நுகர்வோர் முகமை. சரியான பேச்சு. அதற்காக எறிவதையே விட வேண்டாமே! ஹொக்கைடோவில் ஓடு உடைக்காத வேர்க்கடலையை எறிகிறார்கள். சிறு பொட்டலங்களில் அடைத்த பயறும் கடையில் கிடைக்கிறது; பிரிக்காமலே எறியலாம்.

ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருளை வேண்டுமானால் தேவையானதை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் முகமூடி போடுங்கள், பிள்ளைகள் கத்தட்டும். நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2021-இல், 124 ஆண்டுகளுக்குப் பிறகு, செட்சுபுன் பிப்ரவரி 2-லேயே வந்துவிட்டது.