பதினொன்று புள்ளி மூன்று மூன்று ஏழு

லெப்டினன்ட் ராதா என்று ஒரு பெண் விண்கப்பல் ஓட்டினார். நெற்றியில் பொட்டு, கையில் சுக்கான், ஒளியைவிட அதிக வேகம். 1969 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒரு 'ஸ்டார் ட்ரெக்' அத்தியாயம் அது. ஏதோ ஒரு சக்தி என்டர்பிரைஸ் கப்பலை 990.7 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தூக்கி எறிந்துவிடுகிறது. கேப்டன் கிர்க் கிளம்பிய இடத்திலேயே ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வார்ப் 8.4 வேகத்தில் போகிறோம், பதினொன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம் என்கிறார் ராதா. மேலதிகாரி ஸ்பாக் விடுவாரா? அது 11.337 மணி என்று திருத்தி, இனிமேலாவது துல்லியமாகச் சொல்லப் பார் என்று ஒரு குட்டும் வைக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். என் மனைவிக்கு விண்வெளித் தொடர்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவற்றைப் பார்க்கும்போது சோபாவில் என் பக்கத்தில் இருக்கும் அந்தக் கால்குலேட்டர் மேல்தான்.

அந்தத் தொடரைத் தயாரித்தவர்கள் வகுத்த கணக்கு ரொம்ப எளிது. வார்ப் எண்ணை அதனாலேயே இரண்டு முறை பெருக்கினால் ஒளிவேகத்தைப் போல எத்தனை மடங்கு என்று வந்துவிடும். வார்ப் 2 என்றால் 8 மடங்கு. வார்ப் 8.4 என்றால் சுமார் 593 மடங்கு. இந்த வேகத்தில் 990.7 ஒளியாண்டைக் கடக்க ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகும். ஸ்பாக் சொன்ன நேரத்தில் போய்ச்சேர வேண்டுமானால் ஒளியைப் போல ஏறக்குறைய 7,66,000 மடங்கு வேகம் வேண்டும். ராதா விட்ட பிழை பத்து நிமிஷம். அதற்குக் கப்பல் முழுக்கக் கேட்கத் திட்டு. திட்டியவர் விட்டது ஒன்றரை வருஷத்துக்கும் மேல். அதைக் கேட்க ஆள் இல்லை. புளுகுவதென்று முடிவு செய்துவிட்டால் மூன்று தசம இடத்துக்குப் புளுக வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பின்னால் வந்தவர்களுக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கிறது. 1987-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது வார்ப் கணக்கையே மாற்றினார்கள். வார்ப் 9 என்றால் ஒளியைப் போல 1,516 மடங்கு. வார்ப் 10 என்றால் முடிவிலி, அதாவது யாரும் தொடவே முடியாத வேகம். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் வளைகோடு எப்படி ஏறுகிறது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மைக்கேல் ஒகுடா என்ற வடிவமைப்பாளர் கையாலேயே வரைந்துவிட்டார். அதே தொடரில், இயற்பியலில் வரும் ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மையைச் சரிக்கட்ட ஒரு கருவி உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒகுடாவிடம் கேட்டார்களாம். "ரொம்ப நன்றாகவே" என்றாராம். இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை அதே தொடரில் வரும் டேட்டாவோடு. அவர் இயந்திர மனிதர், கணக்கில் புலி. 1989-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கியூ என்ற குறும்புக்காரக் கடவுள் கப்பலை 7,000 ஒளியாண்டு தூரம் சுண்டி எறிகிறார். திரும்ப எவ்வளவு நாளாகும்? உச்ச வேகத்தில் இரண்டு வருஷம், ஏழு மாதம், மூன்று நாள், பதினெட்டு மணி நேரம். நல்ல வேளை, நிமிஷத்தை விட்டுவிட்டார்.

அடுத்து 1995-இல் 'வாயேஜர்'. இந்தக் கப்பலையும் யாரோ தூக்கி எறிகிறார்கள். (அந்த உலகத்தில் கப்பல்களைத் தூக்கி எறிவதற்கென்றே ஒரு துறை இருக்க வேண்டும்.) இந்த முறை 70,000 ஒளியாண்டு. ஊர் திரும்ப 75 வருஷம் ஆகும் என்கிறார் கேப்டன் ஜேன்வே. தொடரின் அடித்தளமே இந்த எண்தான். ஆனால் டேட்டாவின் கணக்கைப் பத்தால் பெருக்கினால் 26 வருஷத்தில் ஊர் வந்துவிடுகிறது. வாயேஜரோ அதைவிடப் புதிய, அதைவிட வேகமான கப்பல். ஸ்பாக்கைக் கேட்டிருந்தால் முப்பத்து மூன்றே நாள், தசமம் தனி.

இது போதாதென்று அதே கப்பலின் ஓட்டுநர் டாம் பாரிஸ் ஒரு வேலை செய்கிறார். 1937-இல் காணாமல்போன அமீலியா இயர்ஹார்ட்டைக் கதைப்படி ஒரு கிரகத்தில் உறைநிலையில் கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கப்பல் எவ்வளவு வேகம் போகும் என்று அந்த அம்மாள் ஆர்வமாகக் கேட்கிறார். வார்ப் 9.9, உங்கள் கணக்கில் விநாடிக்கு 400 கோடி மைல் என்கிறார் பாரிஸ். வகுத்துப் பார்த்தேன். ஒளியைப் போல இருபத்தோராயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. இதே வேகத்தில் ஓட்டினால் மூன்றேகால் வருஷத்தில் வீடு. கேப்டன் இதை வகுத்துப் பார்க்காதது பாரிஸின் அதிர்ஷ்டம்.

"ஏங்க, அந்தப் பையன் ஒரு பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்" என்றாள் என் மனைவி.

யோசித்துப் பார்த்தால், இயற்பியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இதில் விஷயம் அதிகம். கல்யாண வேன் டிரைவர் மண்டபத்திலிருந்து போன் வந்தால் "பைபாஸ் ஏறிட்டோம் சார்" என்பார், வேனுக்குள் இருப்பவர்கள் கேட்டால் "இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், டீ குடிச்சுடுங்க" என்பார். வார்ப் வேகமும் அப்படித்தான். கேட்பது யார் என்பதைப் பொறுத்தது. 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, தன் கப்பல்கள் கதையின் வேகத்தில் போகின்றன என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். மற்றவர்கள் ஏன் மென்று விழுங்குகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஜேன்வேக்கு 26 வருஷம் ஏன் போதவில்லை என்பது இப்போது விளங்குகிறது. 26 என்றால் எல்லோரும் ஓய்வுபெறும் வயதில் ஊர் வந்து பேரனைக் கொஞ்சலாம். கதை நகராது. 75 என்றால் கிளம்பியவர்களில் பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள். அழலாம், கலகம் செய்யலாம், அன்னியக் கிரகத்தில் குடும்பம் நடத்தலாம்.

இதற்கு நேர்மாறான நேர்மையையும் பார்த்திருக்கிறேன், அது என்னைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. 2001-இல் வந்த 'என்டர்பிரைஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தில், நெப்டியூனுக்குப் போய்த் திரும்ப ஆறே நிமிஷம் என்று பீற்றிக்கொள்கிறார்கள். கப்பலின் வேகம் வார்ப் 4.5. வழக்கம்போலக் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஒளி நெப்டியூன் வரை போய்த் திரும்ப எட்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பழைய சூத்திரப்படி வார்ப் 4.5 என்றால் 91 மடங்கு. வகுத்தால் ஐந்தரை நிமிஷம். யூ-டர்ன் அடிக்க அரை நிமிஷம் வைத்துக்கொண்டால் ஆறு. நாள் பூராவும் ஏமாற்றமாக இருந்தது.

நல்லவேளையாக அதே அத்தியாயம் என்னைக் காப்பாற்றியது. கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் தாய்க்கிரகத்துக்குப் போக நான்கு நாள், திரும்ப நான்கு நாள் என்கிறார் கேப்டன் ஆர்ச்சர். அதே வேகத்தில் நான்கு நாள் போனால் ஏறக்குறைய ஓர் ஒளியாண்டுதான் தாண்ட முடியும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு. ஆக, அண்டம் நடுங்கும் கிளிங்கான் சாம்ராஜ்யம் பிராக்சிமாவுக்குப் போகிற வழியில் கால்வாசி தூரத்தில் இருக்கிறது, ஒரு தொலைநோக்கியும் இன்றுவரை பார்க்கவில்லை. நெப்டியூன் கணக்கு சும்மா பீற்றலுக்கு, அதனால் சரியாக இருந்தது. கிளிங்கான் பயணத்தில் ஆர்ச்சரும் டி'போல் என்ற அதிகாரியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான்கு நாளாவது வேண்டாமா?

நிஜ விஞ்ஞானத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மகன் கோபித்துக்கொள்வான். 1994-இல் மிகேல் அல்குபியர் என்ற மெக்சிகோ இயற்பியலாளர், கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கி, பின்னால் விரித்து, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை மீறாமலேயே ஒளியை முந்தலாம் என்று காட்டினார். அதற்கு வார்ப் என்ற பெயரையே கட்டுரைத் தலைப்பில் வைத்தார். பெரிய தடை ஒன்று உண்டு: எதிர்மறை ஆற்றல் ஏராளமாக வேண்டும். "கிடைச்சுடும் மாமா" என்கிறான் அவன். பெட்ரோல் விலையைக்கூட நம்பிக்கையோடு பார்க்கிற வயது.

தொட முடியாத வார்ப் 10-ஐயும் 1996-இல் ஒருவர் தொட்டார். வேறு யார், டாம் பாரிஸ்தான். பிரபஞ்சத்தின் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சமயத்தில் இருந்துவிட்டு வந்து, மெல்ல மெல்லப் பல்லி மாதிரியான ஒரு ஜந்துவாக மாறி, கேப்டனையும் கடத்திக்கொண்டு போய், குட்டிகளும் போட்டார். அந்த அத்தியாயம் ஒப்பனைக்காக எம்மி விருது வாங்கியது. மருத்துவர் இருவரையும் மறுபடி மனிதர்களாக்கிவிட்டார். எல்லோரையும் ஒரு நொடியில் ஊருக்குக் கொண்டுபோய், இதேபோல் குணப்படுத்தியிருக்கலாமே என்று கப்பலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வார்ப் 10 பற்றிய பேச்சே கப்பலில் அடங்கிவிட்டது.

"கடைசியில ஊர் வந்து சேர்ந்தாங்களா இல்லையா?" என்று கேட்டாள் மனைவி.

சேர்ந்தார்கள். 75 வருஷமும் இல்லை, 26-உம் இல்லை, மூன்றேகாலும் இல்லை. குறுக்குவழிகளில் புகுந்து புறப்பட்டு, ஏழு வருஷத்தில். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஏழு பருவம் ஓடியது, 'டீப் ஸ்பேஸ் நைன்' ஏழு, 'வாயேஜர்' ஏழு. கால்குலேட்டரைத் தட்டினேன். எழுபதாயிரத்தை ஏழால் வகுத்தால் ஒளியைப் போலச் சரியாகப் பத்தாயிரம் மடங்கு. முப்பது வருஷத் தொடர்களில் மீதி இல்லாமல் வகுபட்ட கணக்கு இது ஒன்றுதான்.