பரிசல் இயக்கத் தடை

நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் மனநிலையை மறுபடியும் விசாரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விசாரிக்கிறார்கள். ரெட்ரோ என்கிற இந்தக் கூட்டத்தை உருப்படியாக நடத்த என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் பாலக்கோட்டில் மாடி அறையில் இருக்கிறேன், டீம் பெங்களூரில். திரையில் சந்தோஷம், சோகம், கோபம் என்று மூன்று கட்டம். கலர் சீட்டில் எழுதி ஒட்ட ஐந்து நிமிஷம், பின்னணியில் புல்லாங்குழல் வேறு. வழக்கம்போல அடுத்தவன் எழுதுவதைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி ஒட்டலாம் என்று காத்திருந்தேன். அவன் என் சீட்டுக்காகக் காத்திருந்தான்.

எங்கள் பக்கம் "எப்படி இருக்கே?" என்றால் "இருக்கறேன்" என்பதோடு சரி. அதற்கு மேல் துருவினால் கைமாற்று கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

தொடக்கத்தில் ஒரு வாசகம் படிப்பார்கள். நார்மன் கெர்த் என்பவர் 2001-இல் தன் புத்தகத்தில் போட்டது. எந்தத் தப்பு வெளியே வந்தாலும், அவரவர் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து முடிந்த மட்டும் நன்றாகவே செய்தார்கள் என்று நம்ப வேண்டுமாம். பயபக்தியோடு படித்து முடித்த கையோடு, "செவ்வாய்க்கிழமை சர்வரைப் படுக்க வெச்சது யாரு?"

நேற்றைய விசேஷம் பாய்மரப் படகு. டீம்தான் படகு. தள்ளும் காற்று எது, பிடித்து இழுக்கும் நங்கூரம் எது என்று ஒட்ட வேண்டும். தர்மபுரிக்காரனிடம் நங்கூரத்தைக் கேட்டால்? எனக்குத் தெரிந்த ஒரே படகு ஒகேனக்கல் பரிசல். அதற்குப் பாயும் கிடையாது, நங்கூரமும் கிடையாது; முன்பக்கம், பின்பக்கம்கூடக் கிடையாது. நடு ஆற்றில் பரிசலோட்டி வேண்டுமென்றே தட்டாமாலை சுற்றிவிடுவார். காசு கொடுத்து ஏறியவர்கள் அலறுவார்கள். எங்கள் பிராஜெக்ட்டும் அதே கதைதான். ஆனால் அங்கே கரையேறினால் எண்ணெய் தேய்த்துவிட ஆள் உண்டு, மீன் வறுத்துத் தர ஆள் உண்டு. இங்கே கரையே கிடையாது, அடுத்த இரண்டு வார ஸ்பிரிண்ட்தான்.

இன்னொன்று. கர்நாடக அணைகளைத் திறந்தால் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். வரத்து அதிகமானால் கலெக்டர் பரிசல் இயக்கத் தடை போடுகிறார், மறுநாள் பேப்பரில் வருகிறது. எங்களுக்கும் வரத்து பெங்களூரிலிருந்துதான். அளக்க ஆளில்லை, தடை போட கலெக்டர் இல்லை. வெள்ளம் வரும்போது பார்த்து இரண்டு பேரைப் பரிசலிலிருந்து இறக்கிவிட்டு, துடுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்கிறார்கள்.

இதைத்தான் சுருக்கி, 'வரத்து அதிகம், அளப்பாரில்லை' என்று சிவப்புச் சீட்டில் ஒட்டித் தொலைத்தேன். நாலு ஓட்டு விழுந்தது. ஓட்டு விழுந்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள்: வாராவாரம் வரத்தை அளக்க ஓர் எக்செல் ஷீட். பொறுப்பு: நான். கெடு: திங்கட்கிழமை.

கீழே இறங்கினால் அம்மா, "யாரு கண்ணு அது, ஒரு மணி நேரமா எப்படி இருக்கீங்க, எப்படி இருக்கீங்கன்னு? டாக்டரா?" என்றாள்.

"மேனேஜரும்மா."

"ஏன், சம்பளம் போடலையா?"

அந்த யோசனையா? இருங்கள், ஷீட்டுக்கு 'வரத்து' என்று தலைப்பு மட்டும்தான் போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை.