மீட்டர் பெட்டியில் குடித்தனம்: பிச்சாட்டூர்க் குருவிகளின் வீட்டுத் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

ஆய்வுக் களம், ஆரணியாறு நீர்த்தேக்கத்தை ஒட்டிய பிச்சாட்டூர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். இந்த நிர்வாக மாற்றத்தைக் குருவிகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்ற பேதமும் அவற்றுக்கு இல்லை. கேள்வி ஒன்றுதான்: ஊரைச் சுற்றிப் புளியமரமும் மாந்தோப்பும் இருக்க, மீட்டர் பெட்டிக்குள் எதற்குக் குடிபோக வேண்டும்?

2. வகைப்பாடு

குடித்தனக்காரர் மூன்று வகையினர். முதலாவது, பொந்துக்காரர்: சிட்டுக்குருவி, மைனா, கருஞ்சிட்டு, குண்டுகரிச்சான். இரண்டாவது, தையல்காரர். தையல்சிட்டு, பூந்தொட்டியில் இருக்கும் செடியின் இலையைச் சுருட்டி, அலகால் ஓரங்களில் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் இழுத்துத் தைக்கும். விசைத்தறி ஊரான நகரி பக்கத்தில் இருந்தும் சிலந்தியிடம் கொள்முதல் செய்வது ஆராயத்தக்கது. மூன்றாவது, தொங்கல்காரர். தேன்சிட்டு, கொடிக்கயிற்றிலோ கேபிள் ஒயரிலோ நாரையும் சருகையும் சிலந்தி நூலால் கட்டித் தொங்கவிடும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் ஒரு தாழ்வாரம். வெளிப்புறம் முழுக்கப் பட்டைத் தூளும் புழு எச்சமும் ஒட்டியிருப்பதால், பார்ப்பவர் ஒட்டடை என்றே நினைப்பார். காக்கையிடமிருந்து காப்பாற்றும் அதே மாறுவேடம், தீபாவளிக்கு முன் ஒட்டடைக் கோல் எடுத்து வரும் அத்தையிடம் மட்டும் எடுபடாது.

3. முதன்மை விதி

வீட்டில் எந்தப் பொருள் இன்றைக்கே தேவையோ, அதில்தான் கூடு அமையும். பரணில் கிடக்கும் உடைந்த தொட்டிலை எந்தக் குருவியும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலிங் பெல், மோட்டார் சுவிட்ச், ஆணியில் மாட்டிய ஹெல்மெட் ஆகியவற்றுக்கே கிராக்கி.

இவ்விதிக்கு வலுவான சான்று சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் கிடைத்தது. 2020இல் அங்கே தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசி, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். ஒரு பெட்டியைப் பிடித்து ஊரையே பிடித்த குருவி அது.

4. துணைவிதி

இணையைவிட இடம் பெரிது. பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது பம்பாயில், குதிரை லாயத்துச் சுவரின் பொந்தில் கூடு கட்டிய ஆண் சிட்டுக்குருவியைச் சுட்டார். பெட்டையோ பொந்தைக் காலி செய்யாமல் புது ஆணைச் சேர்த்துக்கொண்டது. ஏழு நாளில் எட்டு ஆண்கள் போயும் பொந்து கைமாறவில்லை. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

5. மறுப்பும் விடையும்

“ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை கிடையாதே” என்பர் ஒரு சாரார். இருந்தது, தொல்லையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓட்டுக்கு அடியில் இடுக்கு, உத்தரத்தின் முனையில் சந்து, மண்சுவரில் பொந்து என்று அவற்றுக்குத் தனி போர்ஷனே இருந்தது. கான்கிரீட் போட்டோம், எல்லாவற்றையும் சிமென்ட் வைத்துப் பூசினோம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். நாம் அடைக்க மறந்த ஓட்டைகள் மீட்டர் பெட்டியும் பைப் முனையும்தான். ஆகவே முதன்மை விதி குருவியின் குறும்பன்று, நம் மேஸ்திரியின் கைங்கரியம்.

6. தீர்ப்பு

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை விருந்தாளிகள் கதவைத் தட்டட்டும். குஞ்சு பறந்த பிறகு பெல்லைச் சரிசெய்துகொள்ளலாம். புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன், சுவரில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பொந்து விட மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள். மீட்டர் பெட்டி உங்களுக்கே மிஞ்சும்.