பாடிப் போனவர்கள்

பாலாற்றில் மணல் இருந்த காலம். 1980களில் நெசவு ஊரான ஓரிக்கைப் பையன்களுக்கு அந்த மணலில் காலால் கோடு கிழித்தால் சடுகுடு மைதானம் தயார். எங்கள் அணியில் பாடிப் போக ஓர் அண்ணன் இருந்தார். பகலெல்லாம் தறிக்குழியில் மிதித்து உரமேறிய கால். எட்டி ஒரு தொடு தொட்டால், எதிராளி சுதாரிப்பதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்.

சிக்கல், பிடிக்கவேண்டிய நாங்கள்தான். தறியில் இழை பிசகாமல் கோர்வை போடத் தெரிந்தவர்களுக்குக் கைகோத்து நிற்கத் தெரியவில்லை. எதிராளி பாடிக்கொண்டு வந்தால் ஆளுக்கொரு திசை. சடுகுடுவில் அவுட்டானவன் மறுபடி உள்ளே வர, எதிரணியில் ஒருவன் அவுட்டாக வேண்டும். நாங்கள் எவனையும் பிடிப்பதில்லை. ஆகவே ஒருமுறை அவுட்டானால் அண்ணன் முக்கால்வாசி ஆட்டத்தை வெளியே குந்தி பீடி குடித்தே கழித்தார். "அவனுக்கு வேகம் போயிடுச்சுப்பா" என்று கரையிலிருந்த பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இப்போது எல்லாம் முன்னேறிவிட்டது. மணலுக்குப் பதில் மேட். குந்துவதற்குப் பதில் நாற்காலி. உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் காட்டத் தனி கேமரா. 2016 கபடி உலகக் கோப்பை இறுதியில் ஈரானை 38-29 என்று இந்தியா வென்றபோது ஆட்டத்தைத் திருப்பியவர் அஜய் தாக்கூர். அடுத்த ஆண்டே புரோ கபடியில் புதிதாக நுழைந்த தமிழ் தலைவாஸுக்குக் கேப்டன். அணி முதல் இரண்டு பருவம் தன் பிரிவில் கடைசி. 2019இல் மொத்தம் பன்னிரண்டு அணிகளில் கடைசி. பிடிப்பதில் பேர்போன மஞ்சீத் சில்லரே வந்தும் விடியவில்லை. ஒருவர் கணுக்காலைப் பிடித்தால் மற்றவர்கள் வந்து விழவேண்டாமா?

டீக்கடையில் பையன்கள் போனை நீட்டி, தாக்கூரா பவன் செராவத்தா என்று புள்ளி எண்ணுகிறார்கள். 2022இல் பவனை 2.26 கோடிக்கு எடுத்தது தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே காயம், பருவமே போயிற்று. அணியோ முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! பவனுக்குப் பதில் நரேந்தர் பாடிப் போனார், சரி. மூலையில் சாகர் பிடித்தது யார் கணக்கில்? அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.6 கோடிக்கு மேல் கொட்டிப் பவனை அள்ளியது. அந்தப் பருவம் டைட்டன்ஸ்தான் கடைசி.

"இந்தத் தடவை யாரை எடுக்கலாம், தாத்தா?"

"மூலையில் நின்னு காலைப் பிடிக்க நாலு பேர்."

"போங்க தாத்தா, அதை வெச்சு என்ன ரீல்ஸ் போட?"